மீசைக்கு மட்டும் மைங்க

யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எதையும் எழுதி வைக்காதீர்கள். டைரியில் வேண்டாம், பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேண்டாம். நான் எழுதி வைத்தது ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில். (அதை விடப் பொது இடம் வேணும்னா பஸ் ஸ்டாண்டுலதான் எழுதோணும்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நூலக அறிவியல் படித்துவிட்டு, கோவையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், அவர்களும் பாவம். சிங்காநல்லூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். கம்ப்யூட்டர் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நானாக நம்பிக்கொண்டிருந்த காலம் அது. தலைமை நூலகர் தண்டபாணி சாரும் அதை நம்பினார். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குக் காட்டித் தந்தவளே நான்தான்.

எங்கள் நூலகத்தில் பார்வையில்லாத மாணவர்கள் பதினாறு பேர் உறுப்பினர்கள். புத்தகம் வேண்டுமென்றால் அவர்கள் உதவி மேசைக்கு வந்து தலைப்பைச் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் கம்ப்யூட்டரில் தேடி, இருக்கிறது, இல்லை என்று சொல்லுவார். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் வரும்வரை நிற்க வேண்டும். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல ஏற்பாடுதானே என்றுகூட ஒருநாள் ஷாஹிதாவிடம் சொன்னேன்.

ஷாஹிதா மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவரின் மகள். பிறவியிலேயே பார்வை கிடையாது. விடுதியில் தங்கி, ஏரிகளின் வரலாற்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டுக் கேட்டார்:

"மேடம், நான் என்ன கேக்கறனோ அதைத்தான் அவரு தேடித் தருவாரு. எனக்குக் கேக்கத் தெரியாத புஸ்தகம் எப்படிங்க கெடைக்கும்? நீங்கெல்லாம் ஒண்ணத் தேடப் போயி வேறொண்ணப் பாத்து எடுத்துட்டு வாரீங்க. எனக்கும் அப்படிச் சும்மா மேயோணுமுங்க."

அன்றைக்கே தண்டபாணி சாரிடம் போய், நம் இணையப் பட்டியலை ஸ்க்ரீன் ரீடர் படிக்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்றேன். ஸ்க்ரீன் ரீடர் என்பது திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள். ஷாஹிதா போன்றவர்கள் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டு, கீபோர்டிலேயே எல்லா வேலையும் செய்வார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் தேடும் பெட்டிக்குப் பெயர் இல்லை, பொத்தான்களுக்குப் பெயர் இல்லை. மென்பொருள் வந்து "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று சொல்லிவிட்டு ஓய்ந்துபோகும்.

பதிவாளருக்கு இது பிடிக்கவில்லை. "எதுக்குங்க இத்தனை அக்கப்போரு? உதவி மேசையில இன்னொரு ஆளப் போட்டுட்டாப் போச்சு" என்று அதற்கென ஒரு கோப்பே தயார் செய்துவிட்டார். விஷயம் துணைவேந்தர்வரை போனது. அவர் ஒரு வழி சொன்னார். மூன்று மாதம் பொறுத்து அவரே நூலகத்துக்கு வருவார். அவர் கண்முன்னால் ஷாஹிதா யார் உதவியும் இல்லாமல் ஒரு புத்தகத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் புதிய பட்டியல். முடியவில்லை என்றால் பதிவாளர் கோப்பில் கையெழுத்து. பிறகு ஷாஹிதா படிப்பு முடித்துப் போகும்வரை உதவி மேசைதான்.

வேலையைத் தொடங்கினேன். பெட்டிகளுக்கும் பொத்தான்களுக்கும் பெயர் வைத்தேன். ஷாஹிதா தினமும் சோதித்துப் பார்த்து, இது சரியில்லை, அது சரியில்லை என்று சொல்லச் சொல்லத் திருத்தினேன். அதுவரை நான் யோக்கியம்.

அப்புறம் வந்தன படங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு விவரிப்பு எழுத வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது திரையில் தெரியாது. ஸ்க்ரீன் ரீடர் மட்டும் அதை எடுத்து வாசிக்கும். விவரிப்பு காலியாக இருந்தால் சோதனை மென்பொருள் சிவப்புக் காட்டும். ஏதாவது எழுதிவிட்டால் பச்சை. என்ன எழுதினோம் என்று அது கேட்பதில்லை. (அங்கதான் மாட்டுனேன்.)

எங்கள் தளத்தில் நானூறு படங்களுக்கு மேல் இருந்தன. நூலகத்தின் தளம் என்றுதான் பெயர். முதலில் துணைவேந்தர் படம், அடுத்துப் பதிவாளர் படம், அடுத்து தண்டபாணி சார் படம், அப்புறம் விழாப் படங்கள். இத்தனையையும் தாண்டிப் போனால் கீழே ஓர் ஓரத்தில் புத்தகம் தேடும் பெட்டி.

முதல் ஐம்பது படங்களுக்கு ஒழுங்காகத்தான் எழுதினேன். "நூலகக் கட்டடம், மூன்று மாடி, முன்னே இரண்டு வேப்பமரங்கள்." அடுத்து ஒரு குத்துவிளக்கு. அடுத்து ஒரு குத்துவிளக்கு. பத்தாவது குத்துவிளக்கில் எனக்குள் இருந்த இன்னொருத்தி கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மறுபடியும் குத்துவிளக்குங்க. அதே ஆளுங்க, வேற சால்வைங்க."

பச்சை விழுந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும், கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம் என்று விறுவிறுவென்று தட்டிக்கொண்டே போனேன். நானூறும் பச்சையானதும் எழுந்து போய் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டேன். திருத்த வேண்டும் என்ற நினைப்பு அந்த வடையோடு போய்விட்டது. அடுத்த மூன்று வாரமும் சோதித்த ஷாஹிதாவும் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சரியாக இருப்பதால்தான் சொல்லவில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

துணைவேந்தர் வந்தார். தாராபுரத்துப் பக்கத்து விவசாயக் குடும்பம், ஆள் அமைதி. பின்னால் பதிவாளர், கக்கத்தில் அந்தக் கோப்பு. போட்டோகிராபர் ஒருவர். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கம்ப்யூட்டரோடு இரண்டு பெரிய ஸ்பீக்கரை இணைத்திருந்தேன், நானே, என் கையாலேயே. ஷாஹிதா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அவர் வழக்கமாக வைத்திருக்கும் வேகத்தில் மென்பொருள் பேசினால் நம் காதுக்கு ஒன்றும் புரியாது. அதனால் வேகத்தைக் குறைத்து வைத்தோம்.

"ஆரம்பத்துல இருந்தே வாசிக்க விடும்மா, ஐயா முழுசாக் கேக்கட்டும்" என்றார் தண்டபாணி சார்.

ஷாஹிதாவின் கை கீபோர்டு மேலேயே நின்றது. "முழுசாவுங்களா சார்? நேரா தேடற எடத்துக்கே போயிரலாமுங்களே."

"இல்ல இல்ல, முழுசா."

"நெசமாவே முழுசாத்தான் வேணுமுங்களா?"

பொண்ணு ஏன் இப்படித் தயங்குகிறது, பயந்துவிட்டதா என்று எனக்கு வெசனமாகிவிட்டது. தைரியம் சொல்வதற்காக நானே எட்டி விசையை அழுத்திவிட்டேன். (விதிங்க. வேற என்னத்தச் சொல்ல.)

செய்தி வாசிப்பதுபோல ஒரு பெண் குரல், நிறுத்தி நிதானமாகத் தொடங்கியது.

"படம். இவருதானுங்க துணைவேந்தர். மீசைக்கு மட்டும் மை போட்டிருக்காருங்க. தலைக்கு மறந்துட்டாருங்க."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஆனாலும் அடுத்தது என்ன என்று எனக்குத்தான் தெரியுமே.

"படம். பதிவாளருங்க. பசியில இருக்கறாரு போலங்க. யாராச்சும் ஒரு பிஸ்கட் குடுங்க."

துணைவேந்தரின் கை மெதுவாக மீசைக்குப் போனது. பதிவாளர் கோப்பைக் கக்கத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்தது தண்டபாணி சாரின் படம். எனக்கு மூன்று மாதமாக நல்லதைத் தவிர வேறொன்றும் செய்யாத மனிதர். நான் மேசைக்கு அடியில் பாய்ந்தேன்.

"படம். தலைமை நூலகருங்க. கண்ணை மூடிட்டு நிக்கறாருங்க. தூங்கறாரா, போட்டோக்காரரு அவசரப்பட்டுட்டாரான்னு..."

மேசைக்கு அடியில் நாலைந்து கறுப்பு ஒயர்கள். ஸ்பீக்கர் ஒயர் என்று நினைத்து ஒன்றை இழுத்தேன். குரல் நின்றது. ஸ்பீக்கர் மட்டுமல்ல, கம்ப்யூட்டரும் சேர்ந்து நின்றுவிட்டது.

மேலே பதிவாளரின் குரல் மிகவும் தெளிவாகக் கேட்டது. "பாத்தீங்களாங்க ஐயா? நடுவுலயே நின்னுபோச்சு. இதை நம்பி எப்படிங்க உடறது? இங்க ஒரு கையெழுத்து மட்டும்..." பேனா மூடியைத் திறக்கும் சத்தமும் கேட்டது.

சொன்னால் நம்புங்கள், அந்த நிமிடம் என் மானம் எனக்கு நினைவில் இல்லை. ஷாஹிதா இனி எப்போதும் அந்த உதவி மேசை முன்னால் நிற்க வேண்டும், அதற்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு, இது மட்டும்தான் மண்டையில் ஓடியது. அழுகை வந்துவிட்டது. வெளியே வர தைரியம் வரவில்லை. அங்கேயே மண்டியிட்டிருந்தேன்.

"ஏனுங்க ஐயா, கம்ப்யூட்டர் நிக்கலீங்க" என்றார் ஷாஹிதா. குரலில் நடுக்கமே இல்லை. "நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. மேடம் ஒயரப் பிடுங்கிப்போட்டாங்க. சித்த இருங்க, நான் தேடிக் காட்டறேன். காட்டாமப் போனா அப்பறம் கையெழுத்துப் போடுங்க."

பிறகு துணைவேந்தர், "ஒயரச் சொருகுங்க" என்றார், என்னைப் பார்த்துத்தான். சொருகினேன். பளீரென்று வெளிச்சம் அடித்தது. போட்டோகிராபர் தன் கடமையைச் செய்துவிட்டார்.

கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்தை நான் விளக்கப்போவதில்லை. இந்தத் தடவை ஷாஹிதா யாரையும் கேட்கவில்லை. ஒரு விசையில் நேராகத் தேடும் பெட்டிக்குப் போனார், "ஏரி" என்று தட்டினார். பதினோரு புத்தகங்கள். ஒவ்வொரு தலைப்பாகக் குரல் வாசித்தது. மூன்றாவதில் நிறுத்தி, எந்த மாடி, எந்த அலமாரி, என்ன எண் என்று கேட்டுச் சொன்னார். தண்டபாணி சார் ஓடிப்போய் அதே இடத்திலிருந்து அதே புத்தகத்தை எடுத்துவந்து துணைவேந்தரிடம் நீட்டினார்.

சோதனை அதோடு முடிந்தது. ஆனால் ஷாஹிதா நிறுத்தவில்லை. நான்காவது, ஐந்தாவது என்று கேட்டுக்கொண்டே போனார். எட்டாவதில், "அட, மதகுகளப் பத்தித் தனியா ஒரு புஸ்தகம் இருக்குதா? இத்தனை நாளா இங்கேயேவா இருந்துச்சு?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பக்கத்தில் துணைவேந்தர் நிற்பதையே மறந்துவிட்டார். மேசைக்கு அடியில் எனக்கு மறுபடியும் அழுகை வந்தது, இது வேறு அழுகை.

"அவங்க மேயட்டுமுங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றார் துணைவேந்தர். பதிவாளரின் பேனா மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அந்தக் கீழ இருக்கறவங்கள வெளிய வரச் சொல்லுங்க."

தவழ்ந்து வெளியே வந்தேன். தலையெல்லாம் ஒட்டடை.

"மீசை விசயம் எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க ஐயா."

"எந்த ஊருங்க உங்களுக்கு?"

"சிங்காநல்லூருங்க."

"அதானே பாத்தேன். திட்டறதுலயும் ஒரு எடத்துலகூட 'ங்க' உட்டுப்போகலியே." அவர் போகத் திரும்பினார், பிறகு நின்றார். "என்ற சம்சாரமும் இதையேதானுங்க நாலு வருசமாச் சொல்லுது. அது 'ங்க' போடாது. படத்தையெல்லாம் கீழ தள்ளிட்டு, தேடற பெட்டிய மேல கொண்டாங்க."

அவர் போனதும் ஷாஹிதாவைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"மொத நாளேங்க. எங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் பாதி மனப்பாடம்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா மாத்திப்போடுவீங்கல்லங்க. வேற எந்தத் தளத்துக்குப் போனாலும் வெறும் 'படம்'னு சொல்லிட்டுப் போயிரும். பெரிய மனுசங்க எல்லாருமே ஒரே மாதிரி இருப்பாங்கன்னு நெனச்சிட்டிருந்தேனுங்க. மீசைக்கு மட்டும் மை போடுவாங்கன்னு யாருமே சொல்லல பாருங்க." சிரித்தார். "கண்ணு தெரியறவங்க எவ்வளவு பாக்கறீங்க, எவ்வளவு சொல்லாம இருக்கீங்க."

நானூறு விவரிப்புகளையும் திருத்தி எழுதினேன், மரியாதையாக, ஆனால் பொய் இல்லாமல். அன்றைக்குப் போட்டோகிராபர் எடுத்த படமும் தளத்தில் ஏறியது. என்னை வெட்டிவிடலாம் என்று தண்டபாணி சார் இரக்கப்பட்டுச் சொன்னார். உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று ஷாஹிதா ஒரு மனுவே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே இன்றைக்கும் அந்தப் படத்தை ஸ்க்ரீன் ரீடர் இப்படித்தான் வாசிக்கும்: "புதிய நூற்பட்டியல் தொடக்கம். நடுவில் ஆய்வு மாணவி கணினியை இயக்குகிறார். பின்னால் துணைவேந்தர், பதிவாளர், தலைமை நூலகர். மேசைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் நூலக உதவியாளர் கோகிலாவுடையவை."

இரண்டு வருடம் கழித்து எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்க பேரப் போட்டுத் தேடுனா ரெண்டு கால்தானுங்க வருது. மூஞ்சியும் இருக்குதான்னு பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்" என்றார். என் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

கல்யாணத்துக்கு ஷாஹிதா வந்திருந்தார். அப்போது அவர் ஒரு கல்லூரியில் பேராசிரியர். மேடையேறி வந்து, என் காதருகே குனிந்து, "மாப்பிள்ளை எப்படி இருக்காருங்க? உள்ளது உள்ளபடி" என்று கேட்டார். சொன்னேன். என் தோளில் சாய்ந்து, என் மாலைப் பூ உதிர உதிரச் சிரித்தார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் கணவர், வீட்டுக்கு வரும் ஒறம்பரை, சொந்தபந்தம் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லி, "என்னைப் பத்தி இவ என்ன சொன்னான்னு நீங்களாச்சும் கேட்டுச் சொல்லுங்க" என்று முடிப்பார். ஷாஹிதாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கூடப் பார்த்துவிட்டார், பலிக்கவில்லை. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினார். வகிடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது. ஆறு மாதம் நடைப்பயிற்சிகூடப் போனார். ஒவ்வொரு முறையும் என் முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்ப்பார்.

"அது இல்லீங்க" என்பேன்.