கவிழ்த்து வைத்த கிண்ணம்

ருவான்வெல்லை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நாங்களும் நலம், மழையும் நலம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மகள் பிரஷாந்தினிக்கு உங்கள் கம்பனியில் பார்த்து வைத்த வேலை இனித் தேவையில்லை. அவளுடைய கண்ணாடிக் கிண்ணம் இரத்தினபுரி ஹோட்டலுக்குப் பிடித்துவிட்டது. முப்பது கேட்கிறார்கள். மாதிரி பிடிக்காவிட்டால் உங்களிடமே வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். தப்பித்தாள். காரணம் நான்.

சூளையில் கண்ணாடி இளகிப் படிய ஓர் உலோக அச்சு வேண்டும். பாத்திரக்கடைக்காரனுக்கு அச்சுத் தெரியாதா? முதலில் அலுமினியச் சட்டி கொடுத்தேன்.

"இது உருகிரும்ப்பா."

"நம்ம கடைச் சாமான் உருகாதும்மா."

உருகியது. வீட்டுக்காரி இந்திராணி சூளைக்குள் எட்டிப் பார்த்து, "ஏங்க, பாயாசமா காச்சுனீங்க?" என்றாள். அடுத்தது எவர்சில்வர் கிண்ணம். கண்ணாடியை உள்ளே இறங்கவிடச் சொன்னதும் நான்தான். கிண்ணம் என்றால் உள்ளேதானே போடுவோம். ஆறும்போது எவர்சில்வர் கண்ணாடியைவிட அதிகம் சுருங்குமாம். நெரித்துவிட்டது. இரண்டு துண்டு. மகள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள், ஒட்டாமலிருக்க வெள்ளைப் பூச்சுப் பூசினாள், அதன் முதுகில் கண்ணாடியை வைத்துச் சுட்டாள். இம்முறை உள்ளே சுருங்கிய எவர்சில்வர் தானாகவே விலகிக்கொண்டது. கண்ணாடி கையோடு வந்தது.

அதன் அடியில் என் பெயர்.

கடையை விட்டுப் போகும் எந்தப் பாத்திரமானாலும் மெஷினை எடுத்து அடியில் பெயர் வெட்டுவது என் கைப்பழக்கம். அந்த எவர்சில்வர் கிண்ணத்திலும் வெட்டியிருந்தேன்: ‘அன்பளிப்பு, செல்லத்துரை.’ புள்ளிகூடத் தப்பாமல் கண்ணாடியில் இறங்கியிருந்தது.

"ஹோட்டல்ல சாப்புடுறவங்களுக்கு நீங்க யாருப்பா?" என்று கத்தினாள்.

"குடுத்தவன்."

ஹோட்டல்காரர் போனில் "ஹரி லஸ்ஸனய்", மிக அழகு என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பப் புகழ்ந்தாராம். எழுத்தைத்தான் சொல்லியிருப்பார். முப்பது மேசையில் என் பெயர், மச்சான். உங்கள் பெயர்ப்பலகை உங்கள் மேசையில் மட்டும்தான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கதிர்காமக் கந்தன் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
செல்லத்துரை

பி.கு.: மாமா, நான் பிரஷாந்தினி. அப்பா தபாலில் போடச் சொல்லித் தந்தார், ஒட்டுமுன் படித்துவிட்டேன். ஹோட்டலுக்குப் போனது வேறு கிண்ணம். அடியில் ஒன்றும் வெட்டாத அச்சை நானே தேடி எடுத்துச் சுட்டது. அப்பாவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். பெயருள்ளது என் அலுமாரியில் இருக்கிறது. அதை யாருக்கும் விற்கமாட்டேன். முப்பதையும் சுட்டு முடிக்கும்வரை மட்டும், அந்த வேலையை அப்பாவுக்குக் கொடுக்க முடியுமா?