சம்பந்தி கை நனைத்த கதை

இலையில் சோறு விழுந்துகொண்டே இருந்தது. "போதும், போதும்" என்று ராஜமாணிக்கம் இரண்டு கைகளையும் குறுக்கே நீட்டினார். அந்தக் கைகளுக்கு நடுவிலும் ஒரு சந்து கண்டுபிடித்து இன்னொரு கரண்டி வைத்தாள் வெள்ளையம்மாள்.

"கூச்சப்படாதீங்க அண்ணே. எங்க வயல்ல விளைஞ்சது."

சோற்றின் உச்சியில் குழி பறித்து நெய்யும் ஊற்றியாயிற்று. பஸ்ஸில் தூங்கிப்போனவன் கண் விழித்துத் தன் ஊர் பின்னால் போவதைப் பார்ப்பதுபோல் ராஜமாணிக்கம் அதைப் பார்த்தார்.

சாப்பாட்டில் அவர் சூரர். கல்யாணப் பந்தியில் அவர் உட்காரும் வரிசைக்கு மட்டும் பரிமாற இரண்டு பேர் நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவர் சோற்றைத் தொட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். செங்கம் ரோட்டில் அவர் வாடகைக்கு விட்டிருந்த அறையில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா தங்கியிருந்தாள். அவள்தான் வழி சொன்னாள். சோறு கூடாது. இட்லி, தோசை, களி, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இனிப்பு எதுவுமே கூடாது.

"அப்போ காலையில இன்னாதான் துன்றது?" என்று அலறினார் ராஜமாணிக்கம்.

"முட்டை" என்றாள் மனைவி தங்கம்மாள். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு வைத்திருந்தவள் அவள்தான்.

"முட்டைக்கு அப்புறம்?"

"இன்னொரு முட்டை."

முதல் இரண்டு மூன்று நாள் மனுஷருக்குத் தலை சுற்றியது. பக்கத்து வீட்டில் தோசை வார்த்தால் இவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். சோறு வேகும் வாசனைகூட அவர் மூக்கில் படக்கூடாது என்று தங்கம்மாள் தன் சாப்பாட்டை எதிர்வீட்டு அடுப்பில் பொங்கி அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள். அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டலாம்.

ராஜமாணிக்கத்தின் அப்பா இதே சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர். மகள் சரசுவின் கல்யாணத்தில் தான் இரண்டு காலில் நின்று வருகிறவர்களைக் கும்பிடவேண்டும் என்று ராஜமாணிக்கத்துக்கு ஆசை. அதனால் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்: "உன் கழுத்துல தாலி ஏர்ற வரைக்கும் ஒரு பருக்கை வாயில வைக்கமாட்டேம்மா." சிரிக்காதீர்கள். ஊரில் பாதிப்பேர் இட்லியில் விழித்துச் சோற்றில் தூங்குகிறபோது, அந்த வார்த்தையைச் சொல்லவே ஒரு தைரியம் வேண்டும். அவர் காப்பாற்றவும் செய்தார்.

இன்று மலையடிவாரத்து அடி அண்ணாமலையில் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்த சரசு, இந்த மூர்த்திக்குத்தான் முதல்முறையாகத் தலையை ஆட்டியிருந்தாள். வீடும் நன்றாயிருந்தது, மனிதர்களும் தங்கமானவர்கள். காப்பியோடு போய்விடும் என்று நினைத்து வந்தால், உட்கார்ந்ததும் இலையைப் போட்டுவிட்டார்கள்.

அதில்தான் சிக்கல். பெண்ணைப் பெற்றவர் சோற்றைப் பிசைந்து கை நனைத்தால் சம்பந்தம் நிச்சயம். நனைக்காமல் எழுந்தால் இஷ்டமில்லை என்று அர்த்தம். பொரியலை மட்டும் கொறித்துவிட்டு எழுந்தால் அது அதைவிட மோசம். காரணத்தைச் சொல்லலாம் என்றால், தரகு பேசிய ஜோதியம்மாள் வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டே வந்திருந்தாள்: "சக்கரைன்னு மட்டும் வாயைத் தொறந்துடாதீங்க. பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க. அதோட போச்சு."

சாப்பிட்டால் மகள் தலைமேல் செய்த சத்தியம் போகும். சாப்பிடாவிட்டால் மகளுக்குப் பிடித்த மாப்பிள்ளை போவான்.

"நீங்களும் உட்காருங்க" என்றார் ராஜமாணிக்கம், நேரம் கடத்த.

"விருந்தாளி சாப்பிடட்டும். நான் அப்பால பார்த்துக்கறேன்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா ஆதிமூலம். கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டே இருந்தார்.

"அது வந்துங்க... இன்னிக்குப் பௌர்ணமி. நான் விரதம்."

"நீங்களுமா?" என்று ஆதிமூலம் ஏனோ திடுக்கிட்டார். பிறகு சமாளித்துக்கொண்டு, "ரொம்ப நல்லதுங்க" என்றார்.

ராஜமாணிக்கம் மூச்சு விட்டார். அவர் பிடித்த மூச்சை முழுதாக விடுவதற்குள் வெள்ளையம்மாள் உள்ளே போய்த் திரும்பிவிட்டாள். ஆதிமூலத்தின் தங்கை அவள். அந்த வீட்டு அடுப்பு அவள் ராஜ்ஜியம்.

"விரதம்னு முன்னாடியே சொல்லக்கூடாதா? பலகாரம் செஞ்சிருக்கேன். ரவா உப்புமா, நாலு வாழைப்பழம், பால்ல சக்கரை கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டேன்."

"பல்வலிங்க" என்றார் ராஜமாணிக்கம் அவசரமாக. "மெல்ல முடியலை."

"ஐயோ பாவம்!" உப்புமா போய்ச் சேமியாப் பாயசம் வந்தது. "மெல்லவே வேணாம். அப்படியே முழுங்கிடலாம்."

"வயிறும் சரியில்லை. காலையிலேருந்து நாலஞ்சு தரம் போயிட்டு வந்தேன்."

சொல்லியிருக்கக்கூடாது. மாப்பிள்ளை மூர்த்தி சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, ஒரு பெரிய டம்ளர் நிறையக் குளுக்கோஸைத் தானே கலக்கி நீட்டினான்.

"குடிங்க மாமா. உடனே தெம்பு வரும்."

இப்படி ஒரு பிள்ளை எங்கே கிடைப்பான்? ராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கியது. குளுக்கோஸைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கலங்கியது.

டம்ளர் அவர் கையிலேயே நின்றது. "இவங்களுக்கு இஷ்டமில்லை போல" என்று யாரோ ஒரு பெண் மெல்லச் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. மூர்த்தியின் முகம் வாடிப்போயிற்று. தங்கம்மாள் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஜோதியம்மாள் பின்னாலிருந்து, "கையை நனைங்களேன்!" என்று பல்லைக் கடித்தாள்.

ராஜமாணிக்கம் நிமிர்ந்தார். "சோறே வைங்க. சாப்பிடறேன். ஆனா எனக்கு ஒரு வேண்டுதல். விரதத்தை முடிக்கிறப்ப மலையைப் பார்த்துக்கிட்டுத் தனியா உட்கார்ந்துதான் சாப்பிடணும். பின்னாடி தோட்டத்துல உட்கார்ந்துக்கறேன்."

"பின்னாடியா?" ஆதிமூலம் பதறினார். "வேணாங்க, அங்க மாடு கட்டியிருக்கு. முட்டும்."

அந்த மாட்டை ராஜமாணிக்கம் வீடு சுற்றிப் பார்த்தபோதே பார்த்திருந்தார். கொழுத்துப்போய், ஈ ஓட்டக்கூட வாலைத் தூக்காமல் படுத்திருந்தது. தீனி என்ன போடுகிறீர்கள் என்று மெச்சிக் கேட்டதற்கு ஆதிமூலம் மழையைப் பற்றிப் பேசினார். அது எழுந்து வந்து முட்டுவதற்குள் நான்கு பந்தி முடிந்துவிடும்.

"பரவாயில்லைங்க" என்றார்.

"பல்லு?" என்றாள் வெள்ளையம்மாள்.

"விட்டுடுச்சு."

"வயிறு?"

"அதுவும்."

வெள்ளையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாம் மலையோட மகிமை" என்று சொல்லி, இலையைத் தாம்பாளத்தில் வைத்துச் சோற்றைக் குவித்துக் கொடுத்தாள்.

தோட்டத்தில் எதிரே மலை நிமிர்ந்து நின்றது. மாட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. ராஜமாணிக்கம் உட்கார்ந்து சோற்றில் சாம்பாரை விட்டுப் பிசைந்தார். நெய்யும் பெருங்காயமுமாக வாசனை எழுந்தது. பத்து நாள் பட்டினி கிடந்த நாக்கு துடித்தது. கை தானாக ஒரு கவளம் உருட்டியது, தானாகவே வாய்வரைக்கும் வந்தது. சுற்றுமுற்றும் ஓர் ஆள் இல்லை. தின்றிருந்தால் யாருக்கும் தெரியாது.

"சரசு..." என்றார் வாய்விட்டு. கவளத்தை இலையில் வைத்தார். என்னைக் கேட்டால், யாரும் பார்க்காதபோது இறங்கிய அந்தக் கைக்குத்தான் மாலை போடவேண்டும்.

பிறகு சட்டென்று எழுந்து, பிசைந்த சோறு மொத்தத்தையும் மாட்டின் தொட்டியில் கவிழ்த்தார்.

மாடு மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தாயே, துன்னும்மா" என்று ராஜமாணிக்கம் கெஞ்சினார். "என் பொண்ணு கல்யாணம் உன் வாயில இருக்குது." தொட்டியை இன்னும் அருகில் தள்ளினார். மாடு கண்ணை மூடிக்கொண்டது.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கையில் பாயசக் கிண்ணத்தோடு வெள்ளையம்மாள் நின்றிருந்தாள். வெறும் இலையைப் பார்த்தாள், நிறைந்த தொட்டியைப் பார்த்தாள், அவருடைய சோறு ஒட்டிய கையைப் பார்த்தாள். ராஜமாணிக்கம் கையைப் பின்னால் மறைத்தார். எல்லாம் போயிற்று.

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அதுக்குப் போடாதீங்க சம்பந்தி. டாக்டரு சோத்தை நிறுத்தச் சொன்னதுலேருந்து எங்க அண்ணனும் ஊருக்குத் தெரியாம அதுக்குத்தான் கொட்றாரு, பாவம், மாட்டுக்கே திகட்டிப் போச்சு. அந்தக் கன்னுக்குட்டிக்கு வைங்க, இனிமே உங்களுக்கு அது!"