பஞ்சர் ஆகவேண்டிய இடங்களின் பட்டியல்

வயிறு வலிக்கச் சிரிக்க இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. ஆனால் அதை இப்போதே வழங்க இயலாது. சிரிப்பாக இருந்தாலும் உரிய மேசைகளைத் தாண்டித்தான் வரவேண்டும். அதுவரை வாசகப் பெருமக்கள் முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

உரிமப் பிரிவு அதிகாரி காலையில் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, நாற்காலியில் சாய்ந்தபோது எதிரே ஒரு வேன்காரம்மா நின்றிருந்தார். வேனுக்குள் டயர், ஜாக்கி, காற்றடிக்கும் எந்திரம் எல்லாம் இருக்கும். கார் எங்கே படுத்துக்கொண்டாலும், வீட்டு வாசலோ வேலை செய்யும் இடமோ, அங்கேயே போய் டயர் மாற்றித் தருவது அவர் தொழில். அதற்கு உரிமம் கேட்டு வந்திருந்தார்.

“‘தொழில் நடக்கும் இடம்’னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டிருக்கீங்களேம்மா?”

“இடம்னு ஒண்ணு கிடையாதுங்க ஐயா. டயர் எங்க போகுதோ அங்க நான் போவேன்.”

“டயர் எங்க போகும்?”

“அது டயருக்குத்தான் தெரியும்.”

அதிகாரி பேனாவை மூடினார். “தெரியாத இடத்துக்கு எப்படிம்மா உரிமம் தர்றது? இந்த வருஷம் எங்கெங்க, என்னைக்கு, எத்தனை மணிக்குப் பஞ்சர் ஆகும்னு ஒரு பட்டியல் போட்டுக் கொண்டாங்க.”

“அதுக்கு நான் ஜோசியம்ல படிக்கணும்!”

“எது வேணா படிங்க. மூணு நகல் வேணும்.”

இரண்டே நாளில் பட்டியல் வந்தது. சமையல்கட்டில் உட்கார்ந்து, அடுப்பில் ஒரு கண்ணும் தாளில் ஒரு கண்ணுமாக, வாய்க்கு வந்த தெருவையெல்லாம் வேன்காரம்மா எழுதித் தள்ளியிருந்தார். பன்னிரண்டு பக்கம். அதிகாரி அதைப் படிக்கவில்லை. ஓரத்தில் போதிய இடம் விட்டிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்தார். இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கையெழுத்துப் போட்டார்.

முதல் மாதம் வேன் குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தில் போய் நின்றது. டயர்கள் வரவில்லை. அவை பாட்டுக்கு வேறெங்கோ பஞ்சர் ஆகிக்கொண்டிருந்தன. நடுரோட்டில் நின்றவர்கள் போன் போட்டால், “இன்னைக்கு உங்க தெரு இல்லீங்களே” என்று வேன்காரம்மா அழமாட்டாத குறையாகச் சொன்னார். மாத அறிக்கையில் ‘நிறைவேற்றம்: பூஜ்யம்’ என்று வந்தது.

அதிகாரிக்கு அடுத்த மாதம் தலைமையகத்தில் பதவி உயர்வுக்கு நேர்காணல். ‘முன்னறி டயர்ச் சேவைத் திட்டம்’ என்று பெயர் வைத்து, இதைத்தான் தன் சாதனையாக எழுதி அனுப்பியிருந்தார். தவறு எங்கே என்று ஆராய்ந்தார். பட்டியலில் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்து இருப்பது தவறாக இருக்க முடியாது. ஆகவே தவறு டயர்களுடையது. உடனே சுற்றறிக்கை பறந்தது:

‘பட்டியலில் கண்ட இடத்தில், கண்ட நேரத்தில் டயர் பழுதாகாவிடில், அவ்விடத்துக் காவலாளி எழுத்து மூலம் விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டவர் ஆவார்.’

மறுநாளிலிருந்து அற்புதம் நடந்தது. பட்டியல் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், டயர்கள் சொன்னபடி கேட்டன. நூற்றுக்கு நூறு!

ஊரே வாய் பிளந்தது. “டயர் இறங்குச்சேன்னு நிமிர்ந்து பாக்குறேன், வேன் நிக்குது! சர்வீஸ்னா இதுல்ல சர்வீஸ்!” என்று ஒருவர் பீற்றிக்கொள்ள, பக்கத்துத் தெருக்காரர்களுக்குப் பொறாமை பிடுங்கியது. ‘எங்கள் தெருவிலும் டயர் இறங்க ஆவன செய்க’ என்று நாற்பத்தாறு பேர் மனுக் கொடுத்தார்கள். வாசல் கேட்டில் வண்டி படுத்திருப்பது கௌரவமாகிவிட்டது.

எழுத்தர் மட்டும் இழுத்தார். “ஐயா, டயர் தானாத்தான் இறங்குதான்னு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தா…”

“புள்ளிவிவரம் பேசுறப்போ நடுவுல பேசாதீங்க.”

நேர்காணலுக்கு முதல் நாள் மாலை அதிகாரிக்கு உற்சாகம் தலைக்கேறியது. இடத்துக்கு ஒரு டயர் என்ற இலக்கை நான்காக உயர்த்தி இன்னொரு சுற்றறிக்கை விட்டார்.

மறுநாள் பத்தேமுக்கால். தலைவாரி, கோப்புக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். அவருடைய கார் ஒரு பக்கமாகச் சரிந்து, களைத்துப் போன எருமை மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வேன். ஜாக்கியும் கையுமாக வேன்காரம்மா.

“நம்ம ஆபீசும் பட்டியல்ல இருக்கா?”

“ஏழாம் பக்கம் ஐயா. இன்னைக்குத் தேதி, பதினோரு மணி.”

அதிகாரிக்குப் புல்லரித்தது. “என்ன துல்லியம் பாத்தீங்களாம்மா! சரி சரி, சட்டுனு காத்தடிங்க. பன்னெண்டு மணிக்கு நேர்காணல். இதை விட்டா இன்னும் அஞ்சு வருஷம் இதே நாற்காலியைத்தான் தேய்க்கணும்.”

“என் உரிமத்துல டயர் மாத்தலாம்னுதான் போட்டிருக்கு. காத்தடிக்கலாம்னு போடலியே? நாலும் மாத்த ஒன்றரை மணி நேரம் ஆகும்.”

“நாலா? மூணுதானேம்மா இறங்கியிருக்கு?”

அப்போது காரின் அந்தப் பக்கத்திலிருந்து ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதிகாரி சுற்றிப் போய்ப் பார்த்தார். அலுவலகக் காவலாளி மண்டி போட்டு உட்கார்ந்து, நாலாவது டயரின் வால்வில் ஒரு தீக்குச்சியைச் சொருகி, பொறுமையாக அழுத்திக்கொண்டிருந்தார்.

“யோவ்! என்னய்யா பண்றே?”

“கொஞ்சம் வெளிச்சம் விடுங்க ஐயா. பதினோரு மணிக்குள்ள நாலையும் முடிக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் எழுதிக் கொடுன்னு உசுர வாங்கிருவாங்க.”

“யாருய்யா வாங்குவாங்க?”

காவலாளி தீக்குச்சியை விடாமல், மறுகையால் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதிகாரி தன் உத்தியோகத்தில் முதல் தடவையாக ஒரு தாளை மேலிருந்து கீழ்வரை முழுசாகப் படித்தார். கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது.

“அப்போ…” என்றார். “இத்தனை நாளா, ஊர் பூரா இறங்கினது எல்லாமே…?”

“நூத்துக்கு நூறுங்க ஐயா!” என்றார் காவலாளி, நெஞ்சை நிமிர்த்தி.