போர்கில் அண்ணிக்கு, முல்ட்டேச் சதுப்பு விஷயமாக

ஸ்டோர்விக்கா,
ஜூன் 9

மதிப்புக்குரிய போர்கில் அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி ஒட்னி எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் நலமில்லை, ஆனால் அதைக் கேட்டு நீங்கள் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். பெர்கனில் எப்போதும்போல மழை பெய்துகொண்டிருக்க, நீங்களும் பூனையும் உள்ளே காயாமல் நனையாமல் சுகமாக இருக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு நீங்கள் அனுப்பிய அட்டை வந்தது. முன்பக்கம் கோழிக்குஞ்சு. பின்பக்கம், "முல்ட்டேச் சதுப்பை யாருக்குக் காட்டினாய்?" என்று ஒரே வரி. ஏழாம் வகுப்போடு நின்று மீன் ஆலைக்குப் போனவள் நான், பதில் எழுத இரண்டு மாதம் பிடித்துவிட்டது. கடவுள் சத்தியமாக நான் ஒருத்தருக்கும் காட்டவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் மருமகனால் வந்தது. சுன்னிவாவின் புருஷன் வில்மர், பெரு நாட்டுக்காரன், மீன்பிடிக் கப்பலில் சமையலுக்கு வந்தவன். கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை, சால்மன் வெட்டுகிற கத்தி அனுப்பினீர்கள், நல்ல கத்தி. அவன் லிமாவில், இவள் இங்கே. ஞாயிற்றுக்கிழமை போனில் தான் சமைத்ததைக் காட்டுவான், இவள் வேகவைத்த உருளைக்கிழங்கைக் காட்டுவாள், அப்புறம் அழுவாள். புருஷனை வெளிநாட்டிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால், கூப்பிடுகிறவள் ஒரு வருஷத்தில் இவ்வளவு சம்பாதித்தாள் என்று வரித்தாள் சொல்ல வேண்டுமாம். அம்மாவின் காசு செல்லாது, வாக்குறுதி செல்லாது. போன வருஷமோ, உங்களுக்கே தெரியும், மார்ச்சில் உங்கள் தம்பி போனார். அதற்கு முன் மூன்று மாதம் சுன்னிவா முடிவெட்டும் கடையைச் சாத்திவிட்டு அப்பா பக்கத்திலேயே இருந்தாள். அந்த மூன்று மாதம்தான் குறைந்தது. இருபத்தெட்டாயிரம் குரோனர். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்ததற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை, நான் தேடிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவர் நர்ஸை வெளியே போகச் சொன்னார். என்னைக் கிட்டே கூப்பிட்டார். நாற்பது வருஷம் வாழ்ந்திருக்கிறோம், ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று காதைக் கொடுத்தேன். "பெரிய கல்லுக்கு இடப்பக்கம்" என்றார். அவ்வளவுதான். உங்கள் அப்பா உங்கள் அம்மாவுக்கே சொல்லாத, முல்ட்டேப் பழம் விளைகிற சதுப்பை அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். நான் அதை நல்ல வார்த்தையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் முல்ட்டே பழுத்ததும் நானும் சுன்னிவாவும், அவர் செய்த மாதிரியே, தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு கடல் பக்கம் நடந்து, பக்கத்து வீட்டு யோஸ்டெயின் பார்வையிலிருந்து மறைந்ததும் மலைப்பக்கம் திரும்பினோம். முப்பது வருஷமாக அந்த மனிதன் நம் வீட்டுப் பின்னாலேயே மோப்பம் பிடிக்கிறான். அண்ணி, சதுப்பு முழுக்கத் தங்கம்! கொசு கடித்து என் முகம் ரொட்டி மாவுபோல உப்பிவிட்டது, ஆனாலும் ஒரு வாரம் பறித்தோம். துறைமுகத்து விடுதிக்காரி மொத்தத்தையும் வாங்கினாள். இருபத்தெட்டாயிரமும் மேலே கொஞ்சமும் வந்தது. ரசீதை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு சின்னப் பெண்.

"அம்மா, பழம் வித்த காசு வரித்தாள்ல ஏறாதே."

"எப்படி ஏறும்? முல்ட்டேக்குத்தான் வரியே கிடையாதேம்மா."

"வரித்தாள்ல இல்லன்னா எங்களப் பொறுத்தவரைக்கும் அந்தக் காசே இல்லம்மா."

"இல்லாத காசுக்கா என் மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?" என்றேன். பாவம், அந்தப் பெண் எனக்குக் கொசு மருந்து கொடுத்தாள். வேறொன்றும் கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை.

சுன்னிவா பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் நேரே வரி அலுவலகத்துக்குப் போனேன். இங்வால்ட் என்று ஒருவர், பெரிய மீசை.

"என்ன வேணும்க்கா?"

"எங்ககிட்ட வரி வாங்கிக்கணும் தம்பி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடி சொல்லுங்க."

சொன்னேன். ரசீதைக் காட்டினேன். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். அவர் எழுந்துபோய்க் காபி கொண்டுவந்தார். "இருபத்திரெண்டு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். வாங்காதீங்கன்னு அழுதவங்களப் பாத்திருக்கேன். வாங்கிக்கோன்னு அழுறது நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப வாங்கிக்கோயேன்!"

"சட்டம் விடாதுக்கா. ஒரு குரோனர்கூட முடியாது."

வாசல்வரை வந்து வழியனுப்பியவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "பழத்தப் பறிச்சு வித்தா வரி இல்ல. பழம் பறிக்க வெளியூர்க்காரங்களக் கூட்டிட்டுப் போய்க் காசு வாங்கினா அது தொழில். உங்க பொண்ணு பேர்ல பதிவு பண்ணுங்க. தொழில்னா நான் ஆசையா வந்து வரி போடுவேன்."

அண்ணி, யோசித்துப் பாருங்கள். வெளியூர்க்காரர்களை அந்தச் சதுப்புக்கா? காபிக் குடுவையை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். "நான் என்ன செய்யட்டும்? ஒரு பக்கம் உங்க ரகசியம், ஒரு பக்கம் உங்க பொண்ணு" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் ஒன்றும் சொல்ல மாட்டார், நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு புதுத் திரைச்சீலை வாங்கிவிடுவேன். அன்றும் அப்படியே எடுத்துக்கொண்டேன். குடுவையில் மீதியிருந்த காபியை அவருக்கு ஊற்றிவிட்டு வந்தேன்.

காட்டவும் வேண்டும், காட்டவும் கூடாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அவருடைய மீன் வண்டி கொட்டகையில்தானே நிற்கிறது. அதன் பின்பெட்டிக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது! ஜெபக்கூடத்து பெஞ்சு இரண்டை உள்ளே போட்டோம். விடுதியில் தங்கியிருந்த ஜெர்மன்காரர்கள் எட்டுப் பேரை ஏற்றினோம். "ஜன்னல் எங்கங்க?" என்று ஒருவர் கேட்டார். "மீனுக்கு எதுக்குய்யா ஜன்னல்?" என்று கதவைச் சாத்தினேன். திசை தெரியக்கூடாதென்று சர்ச்சுக் கட்டடத்தை மூன்று முறை சுற்றினேன். உள்ளே சுன்னிவா அவர்கள் வாந்தி எடுக்காமல் இருக்க அப்பா கதைகளாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தூண்டிலோடு கடலுக்குப் போய் முல்ட்டேயோடு வருகிற கதையைக் கேட்டு அவர்கள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. அவர் போனபிறகு அந்த வண்டியில் சிரிப்புச் சத்தம் அன்றைக்குத்தான் கேட்டேன். ஓட்டிக்கொண்டே கொஞ்சம் அழுதேன், நல்ல அழுகைதான்.

யோஸ்டெயின் வேலியில் நின்று, "ஒட்னி, மீன் வண்டிக்குள்ள யாரோ பாடுறாங்களே?" என்றான்.

"புது வகை மீன்" என்றேன்.

இப்படி ஐந்து தடவை. இந்த வசந்தத்தில் வரித்தாள் வந்தது. தேவைக்கு மேலே நானூற்றுப் பன்னிரண்டு குரோனர்! சுன்னிவா அந்தத் தாளுக்கு முத்தம் கொடுத்தாள். வரித்தாளுக்கு முத்தம் கொடுத்தவளை இந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை. இங்வால்டுக்கு ஒரு ஜாடி ஜாம் கொடுத்தேன், அதற்கு வரி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். போன வாரம் அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. இருபத்தொன்றாம் தேதி விமானத்தில் வில்மர் வருகிறான். சுன்னிவா வீட்டை நான்கு முறை கழுவிவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள் அண்ணி, நான் யாருக்குக் காட்டினேன்? இருட்டுக்குள் போனார்கள், இருட்டுக்குள் வந்தார்கள். உங்கள் அப்பாவின் சதுப்பு எங்கே இருக்கிறதென்று உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. உங்கள் காதில் ஓதியவன் யோஸ்டெயினாகத்தான் இருப்பான்.

உங்கள் மூட்டுகளுக்கு வெயிலும், பூனைக்கு மீனும், உங்களுக்கு என்மேல் கொஞ்சம் பொறுமையும் கிடைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
ஒட்னி

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்துப்பார்த்த சுன்னிவா, "அம்மா, இதை அனுப்பாதே" என்று சொல்லிப் போனைக் காட்டினாள். ஜெர்மன்காரர்களில் ஒருவரின் போன் சட்டைப்பைக்குள் இருந்தபடியே வழி முழுவதையும் வரைந்து வைத்திருக்கிறது, சர்ச்சுக் கட்டடத்தைச் சுற்றிய மூன்று சுற்று உட்பட. அதை உலகம் பார்க்கிற வரைபடத்தில் போட்டுவிட்டார். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்று மீன் நாற்றத்துக்காகக் குறைத்தாராம். அதனால் உங்கள் கேள்விக்குச் சரியான பதில், எல்லாருக்கும் காட்டிவிட்டேன். சுன்னிவா சொன்ன கதைகளைக் கேட்டு, இடத்துக்கு உங்கள் தம்பி பெயரிலேயே "தோர்லைஃபின் சதுப்பு" என்றே பெயர் வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் கோபத்தில் அன்றைக்கே போயிருப்பார். நான் அந்தப் பெயரைத் தினமும் காபி குடிக்கும்போது ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று யோஸ்டெயின் புது வாளியோடு வேலிக்கு வந்து, "பெரிய கல்லுக்கு இடப்பக்கம்னு போன்ல போட்டிருக்கே, நெசமா?" என்று கேட்டான். "ஜெர்மன்காரனுக்கு இடம் வலம் தெரியுமா? வலப்பக்கம்" என்றேன். நம்பிவிட்டான். ஆகஸ்டில் நீங்களும் வாருங்கள், வண்டியில் முன்சீட்டு உங்களுக்கு.