துரையை மலைக்கு அழைத்துச் சென்றது தொடர்பாக

காரைக்கால்,
வைகாசி 19, செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா கமலாம்பாள் அவர்களின் சமூகத்திற்கு, பூமிநாதன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், ஓவியா சுகம், துரை ஏறக்குறைய சுகம். புதுச்சேரியில் தங்களுடைய கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தங்கை உமாமகேஸ்வரி அவர்கள் வீட்டில் தாங்கள் ஓய்வில் இருப்பது அறிந்து சந்தோஷம். சொட்டு மருந்து விடும் நாட்களில் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். ஆகவே இதைத் தங்கையே படித்துக் காட்டட்டும். கோபம் வரும் இடங்களைக் கொஞ்சம் வேகமாகப் படிக்கச் சொல்லவும்.

நேற்றுக் காலை தாங்கள் போனில் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். "துரையோட போட்டோவ உமா போன்ல பார்த்தேன். என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்புங்க. அதப் படிச்சுட்டுத்தான் ஆவணி முகூர்த்தத்தப் பத்திப் பேசணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டீர்கள். முப்பத்தோரு வருடம் தலைமையாசிரியையாக இருந்தவர் விளக்கம் கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும். நானும் நில அளவைத் துறையில் இருந்தபோது இரண்டு மெமோவுக்குப் பதில் எழுதியவன்தான். அதில் போனால் ஒரு இன்க்ரிமென்ட் போகும். இதில் போனால் என் பெண்ணின் கல்யாணம் போகும். ஓவியாவும் மாப்பிள்ளை மணிபாரதியும் ஐந்து வருடம் காத்திருந்து தங்களிடம் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள். அது என் ஒருவனால் கெட்டுவிடுமோ என்று நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓவியாவின் அம்மா இருந்திருந்தால் ஒரே போனில் இதைச் சரிசெய்திருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

துரையை என் பொறுப்பில் விட்டபோது தாங்கள் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பு இப்போதும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மொத்தம் பதினான்கு விதி. காலை ஆறு மணிக்கு நடை, எட்டு மணிக்குச் சட்னி படாத இட்லி, துரை சைவம் ஆகையால் அசைவத்தின் வாசனைகூடக் காட்டக் கூடாது, வா போ என்று கூப்பிடக் கூடாது, நாய் என்ற சொல்லை அதன் காதுபடச் சொல்லக் கூடாது. (இந்தக் கடிதத்தில் சில இடங்களில் அந்தச் சொல் வரும். துரை இப்போது கொல்லைப்பக்கம் தூங்குகிறது, மன்னிக்கவும், தூங்குகிறார்.) புறப்படுவதற்கு முன் பதினான்கையும் மூன்று தடவை படித்தேன். மலைக்கு அழைத்துப் போகக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. இதை ஓவியாவிடம் சொன்னதற்கு, "கப்பல்ல ஏத்தக் கூடாதுன்னும்தான் இல்ல. அதுக்காகக் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குத் தூக்கிட்டுப் போவீங்களாப்பா?" என்றாள். நல்ல கேள்வி. கேட்டுக்கொண்டே பையைக் கட்டினேன்.

நானும் நூகுவும் காத்தமுத்துவும் தினமும் கடற்கரைச் சாலையில் காலை நடை நடக்கிறவர்கள் என்பது தங்களுக்குத் தெரியும். நூகு துபாயில் இருபது வருடம் இருந்து திரும்பியவர், பாத்திரக்கடையை இப்போது மகன் தாரிக் பார்த்துக்கொள்கிறான். காத்தமுத்து துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டியவர், இப்போது சொந்தமாக வேன் வைத்திருக்கிறார். அவருடைய நாய் கரி, நிலக்கரிக் குவியலுக்குப் பக்கத்தில் குட்டியாகக் கிடந்தது, நிறமும் அதேதான். ஒருநாள் காத்தமுத்து, "வெயில் தாங்கல பூமி. சனி ஞாயிறு பச்சைமலைக்குப் போயி நடப்போமா? மேல ஆறு கிலோமீட்டர்தானாம்" என்றார். நாங்கள் தினமும் நடப்பதும் ஆறு கிலோமீட்டர்தான். ஆறு கிலோமீட்டர் எங்கே இருந்தாலும் ஆறு கிலோமீட்டர்தானே என்று மூன்று பேரும் ஏகமனதாக முடிவு செய்தோம். முப்பத்துமூன்று வருடம் நிலம் அளந்த நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் அளந்ததெல்லாம் தரையாகவே கிடந்த நிலம் அம்மா, எனக்குத் தெரிந்த பெரிய ஏற்றம் வாய்க்கால் கரை.

துரையை ஓவியாவிடம் விட்டுவிட்டே போயிருக்கலாம். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மலை ஏறும்போது மனுஷனுக்குக் காது அடைக்கும் என்கிறார்களே, கடலோரத்தில் பிறந்து, தெருப் படியைத் தவிர வேறு உயரமே பார்க்காத ஒரு நாய்க்கும் காது அடைக்குமா? அடைத்தால் அது அதை எப்படித் தெரிவிக்கும்? சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த வியாதி உண்டு, ஒரு கேள்வி வந்துவிட்டால் பதில் கிடைக்கிற வரை இருப்புக் கொள்ளாது. கரியை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கரி, லாரியில் ஊர் ஊராகச் சுற்றிய நாய், அதன் காதை நம்ப முடியாது.

சனிக்கிழமை விடியற்காலை வேன் கிளம்பியது. எல்லையைத் தாண்டியதுமே சோதனைச் சாவடியில் கையைக் காட்டினார்கள். நம்மூர் நம்பர் பலகையைப் பார்த்தால் எவருக்கும் மலிவான மதுப்பாட்டில் ஞாபகம்தான் வரும். மூன்று கிழவர்கள், இரண்டு நாய், நடைபயணம் என்று சொன்னோம். "காரைக்கால்லேருந்து நடக்கறதுக்கா போறீங்க?" என்று ஒரு போலீஸ்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களிடம் பதினோரு பாட்டில் இருந்தது உண்மை. எல்லாம் தண்ணீர். நூகுவின் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணோடு. மலையில் தண்ணீர் கிடைக்குமோ என்னவோ என்று அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். பதினோரு மூடியையும் திறந்து மோந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டார்கள். இல்லாத பன்னிரண்டாவது பாட்டிலுக்காக நாற்பது நிமிடம் நின்றோம். அவ்வளவு நேரமும் துரை நூகுவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். தன்னைத் தொடாத ஒரே ஆளிடம் ஒரு நாய்க்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

மலைப்பாதையில் வேன் ஏற ஏற எனக்குக் காது அடைத்தது, நூகுவுக்கு அடைத்தது, கரி வாந்தி எடுத்தது, வாங்கிவைத்த சிப்ஸ் பாக்கெட்டு உப்பிக்கொண்டது. துரை மட்டும் ஒருமுறை கொட்டாவி விட்டார். அது காது அடைத்ததற்கா, தூக்கத்துக்கா என்று இன்றுவரை விளங்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஒரு பலகை பார்த்தேன். கடல் மட்டம் என்றால் மற்றவர்கள் யாருக்கோ எழுதியது போலப் படித்துவிட்டுப் போவார்கள், எனக்கு அது என் வீட்டு வாசல். நம்ம வாசலுக்கு மேலே இவ்வளவு உயரத்தில் ஆட்கள் மரவள்ளி போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது அம்மா.

அன்று ஒரு வாடகை அறையில் தங்கிவிட்டு ஞாயிறு காலை நடந்தோம். முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் மூன்று பேரும் ஐந்து தடவை உட்கார்ந்தோம். துரைக்கு மூச்சு வாங்குகிறதா என்று நான் எண்ணப்போய், எனக்கு எத்தனை வாங்குகிறது என்று காத்தமுத்து எண்ணிச் சொன்னார். எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தோம், காற்று பிரமாதம். காத்தமுத்து கிழக்கே பார்த்துக் கடல் தெரிகிறதா என்று தேடினார். இறங்கும்போது பாதை இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரத்தில் இரண்டுமே காணாமல் போயிற்று.

நம்மூர்க்காரன் வழி தெரியாமல் முழிப்பதில்லை. ஒரு வாய்க்காலைப் பிடித்துத் தண்ணீர் போகிற திசையில் நடந்தால் ஒரு மதகு வரும், மதகு வந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் டீக்கடை வரும். பக்கத்தில் ஒரு ஓடை சலசலத்தது. "இதப் புடிச்சே போவோம், தண்ணிக்குத் தெரியாத வழியா?" என்று சொன்னது நான்தான். எழுத்து மூலமாக ஒப்புக்கொள்கிறேன். துரையின் வாரைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால், கரியோடு காத்தமுத்து என் பின்னால், நூகு இருபதடி தள்ளிக் கடைசியில். அரைமணி நேரம் நடந்திருப்போம். ஒரு புதரைத் தாண்டப் போகும்போது துரை திடீரென்று நின்றார். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றார். "துரை, வாங்க. தயவுசெஞ்சு வாங்க" என்று இழுத்தேன். அவர் குரைத்துக்கொண்டே பின்பக்கம் திரும்பி ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், நான் அப்படியே பொத்தென்று உட்கார்ந்தேன். வார் கையைவிட்டு நழுவியது, என் இடது கால் ஷூ கழன்று புதருக்குள் போயிற்று. விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ளப் புதரை விலக்கிப் பார்த்தேன். அங்கே ஓடை முடிந்துபோயிருந்தது. கீழே, வெகு கீழே, பலாமரங்களின் தலை தெரிந்தது. கையை ஊன்றி அப்படியே பின்னுக்குத் தவழ்ந்து வந்தேன்.

பலாப்பழம் சுமந்து வந்த காசியம்மா என்கிற மலைக்காரப் பெண்தான் எங்களைக் கண்டுபிடித்துப் பாதையில் விட்டது. ஓடையைப் பிடித்து வந்தோம் என்றதும் பழத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தது. "தண்ணி போற வழியா போனா தண்ணி மாதிரித்தான் விழணும். உங்க ஊர்ல தண்ணி எங்கதான் போவும்?" என்று கேட்டது. "ஊருக்குத்தான் போவும்" என்றார் காத்தமுத்து. காசியம்மா எங்களைப் பரிதாபமாகப் பார்த்து ஆளுக்கு நாலு சுளை கொடுத்தது.

போட்டோவில் தாங்கள் பார்த்த துரையின் தோற்றத்துக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். புதரில் புரண்டதில் உடம்பெல்லாம் ஒட்டுப்புல் ஒட்டிச் சடையாகிவிட்டது. காத்தமுத்து கத்தரிக்கோலால் இடது பக்கம் வெட்டி முடித்தார், வலது பக்கத்துக்குத் துரை சம்மதிக்கவில்லை. அந்த நிலையில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்ததும் காத்தமுத்துதான். அவரைத் தனியாகக் கண்டித்திருக்கிறேன்.

இப்போது என் வேண்டுகோள். விதியை மீறவில்லை, சைவம் கெடவில்லை. அழைத்துப் போனது தப்பு, ஆயிரம் தடவை தப்பு. ஆனால் துரை இல்லையென்றால் தங்கள் மருமகளுக்கு இன்று அப்பா இல்லை. மனுஷன் மூன்று பேருக்குத் தெரியாத பள்ளம் அவருக்குத் தெரிந்தது. தாங்கள் வளர்த்த வளர்ப்பு அப்படி. என் உயிரைத் தங்கள் வீடு காப்பாற்றிய பிறகு இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் ஏற்கெனவே ஆகிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். தாலி கட்டுவது ஒன்றுதான் பாக்கி. பெரிய மனது வைத்து ஆவணி முகூர்த்தத்தை உறுதி செய்யக் கோருகிறேன்.

தங்கள் கண்ணொளி பெருகட்டும், உமாமகேஸ்வரி அவர்களின் மூட்டுவலி குறையட்டும், மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கட்டும்.

இப்படிக்கு, தங்கள் மன்னிப்புக்கும் அன்புக்கும் காத்திருக்கும்
பூமிநாதன்.

பின்குறிப்பு: புதன்கிழமை, மதியம். உறையை ஒட்டுவதற்கு முன், நேற்று மாலை இதை நூகுவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே பூமி. ஒண்ணுதான் விட்டுப்போச்சு. அது நின்னுச்சு பாரு, அப்பத்தான் நான் பின்னாடி பாறையில உக்காந்து டிபன் பாக்ஸத் தொறந்தேன். வீட்டுல கமர் நிஷா குடுத்துவிட்ட வஞ்சிரம் வறுவல். நீ புதருக்குள்ள ஷூவத் தேடிக்கிட்டிருந்தப்ப அது ஓடியாந்து வாய வச்சிருச்சு, நான் டப்பாவோட விட்டுட்டேன். ஆறு துண்டு" என்றார். ஆக, துரை பள்ளத்தைக் கண்டு நின்றாரா, வறுவலுக்குத் திரும்பினாரா? எது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று காலை அவரை அரசலாற்றங்கரைக்கு அழைத்துப் போய், படகு கட்டுகிற மேடையில், ஓரத்தைப் பார்த்து நடக்கவிட்டேன். வார் என் கையில்தான் இருந்தது. நிற்பார் என்று பார்த்தேன். அவர் ஒரு தும்பியைப் பார்த்துக்கொண்டே நேராக நடந்து ஆற்றுக்குள் போனார். வார் என்னையும் கூட்டிக்கொண்டு போயிற்று. படகுக்காரர்கள் இரண்டு பேரையும் கரையில் தூக்கிப் போட்டார்கள். சேதம் ஒன்றுமில்லை, துரை இப்போது வெயிலில் காய்கிறார்.

ஆகையால், மேலே நான் பள்ளம் தெரிந்தது என்று எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். சைவம் கெடவில்லை என்பதையும். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு மீதியை அனுப்பு என்று நூகு சொல்கிறார், காத்தமுத்துவும் அதையேதான் சொல்கிறார். ஓவியாவிடம் காட்டினேன். ஈர வேட்டியோடு நின்ற என் கையில் ஒரு துண்டைக் கொடுத்தாள். "இத அனுப்புனா கல்யாணம் நின்னாலும் நின்னுரும். அனுப்பலேன்னா நீங்க ஆயுசுக்கும் தூங்கமாட்டீங்க. அனுப்புங்கப்பா" என்றாள். தபால்தலையை அவளே ஒட்டினாள்.