இருபது பேரும் சரி

எத்திராஜ் கண் விழித்தபோது பஸ்ஸில் யாரும் தமிழ் பேசவில்லை.

சியான் நகரத்துக் கோட்டை மதிலை நடந்து பார்த்த களைப்பு. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவர், எதிரே நின்ற வெள்ளை பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் சாய்ந்துவிட்டார். காலையில் வந்ததும் வெள்ளை பஸ்தான். இப்போது சுற்றிலும் சிவப்புத் தொப்பி போட்ட சீனர்கள்.

பதறிப்போய் ஓட்டல் அட்டையை எடுத்து வழிகாட்டிப் பெண்ணிடம் நீட்டினார். அவள் சிரித்துத் தலையாட்டி, அவருக்கும் ஒரு சிவப்புத் தொப்பி கொடுத்தாள்.

மனைவி பத்மாவின் போனும் அவர் பையில்தான் இருந்தது. அம்பத்தூரிலிருந்து இருபது பேரைக் கூட்டிவந்த டூர் மேனேஜர் மணவாளனுக்குப் போன் போட்டார்.

“நைனா, நான் வேற பஸ்ல ஏறிட்டேன்.”

“இன்னா சார் நீங்க. கவுன்ட் கரெக்டா கீது. இருபது பேரு.”

“அதுல நான் இல்லப்பா.”

“பத்மா அக்கா முன்னாடி குந்திகினு ரேணுகா அக்காவோட பேசிகினு கீறாங்க. நீங்க கடைசி சீட்ல தூங்கிகினு கீறீங்க. நானே எண்ணினேன்.”

“தூங்குறவன் எப்பிடிப்பா போன் பேசுவான்?”

மணவாளன் சற்று யோசித்தான். “சிக்னல் சரியில்ல சார். எறங்குனதும் பேசிக்கலாம்,” என்று வைத்துவிட்டான்.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் பத்மாவை எத்திராஜ் திருப்பதிக்கு அப்பால் கூட்டிப் போனதில்லை. அடுத்துப் போக இருந்த அருங்காட்சியகத்தின் களிமண் சிப்பாய்கள் முன்னால் ஜோடியாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

சிவப்புத் தொப்பி பஸ்ஸும் அதே அருங்காட்சியகத்தில்தான் போய் நின்றது. இறங்கியதும் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளைத் தேடி ஓடினார். வழிகாட்டிப் பெண் துரத்திப் பிடித்து, தொப்பியை மறுபடி மாட்டி, இரண்டு பாட்டிமாருக்கு நடுவில் நிறுத்திக்கொண்டாள். உள்ளே ஆயிரக்கணக்கான மண் சிப்பாய்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். எல்லாரும் சிப்பாய்களைப் பார்த்தார்கள். எத்திராஜ் மட்டும் கூட்டத்தைப் பார்த்தார்.

“அங்க இன்னா பண்ற நீ, தொப்பி வேற?”

பத்மா. கண் கலங்கியிருந்தது. பின்னால் மணவாளன், ஒரு சீனப் பெரியவரின் கையைப் பிடித்தபடி.

“எறங்கும்போதுதான் பார்த்தேன் சார். உங்க சீட்ல இவரு.”

பத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எத்திராஜின் தோளை ஒட்டி நின்றாள். அவர் பையிலிருந்த தன் போனை எடுத்துப் பெரியவரிடமே நீட்டினாள். அவர் நிதானமாக மூன்று படம் எடுத்துக் கொடுத்தார்.

எத்திராஜுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“வயசானவரு, எந்த பஸ்ஸுன்னு பார்த்து ஏற வேணாமா? இவரு ஒருத்தரால எவ்ளோ பேருக்கு அலைச்சல்,” என்றார்.

“அதானே,” என்றான் மணவாளன். தன் போனில் மொழிபெயர்ப்பை முடுக்கிப் பெரியவரிடம் நீட்டி, ஏன் எங்கள் பஸ்ஸில் ஏறினீர்கள் என்று கேட்டான்.

பெரியவர் எத்திராஜைப் பார்த்துப் பணிவாகத் தன் மொழியில் பதில் சொன்னார். போன் அதைச் சுத்தத் தமிழில் வாசித்தது:

“ஐயா, எங்கள் பேருந்தில் இருபது பேரும் வந்துவிட்டார்கள் என்று சொல்லி என்னை ஏற்ற மறுத்துவிட்டார்கள். என் இருக்கையில் தாங்கள் உறங்கிக்கொண்டிருந்தீர்கள்.”