கிட்ஸ்பரியின் வெறுங்கை வீரம்

கிரேக்கம் உலகத்துக்குத் தத்துவத்தைக் கொடுத்தது. ரோமாபுரி சட்டத்தைக் கொடுத்தது. நியூயார்க் மாநிலத்துக் கிட்ஸ்பரி கையுறையைக் கொடுத்தது. முதல் இரண்டும் இல்லாமல் மனிதன் காலம் தள்ளிவிடலாம். ஜனவரி மாதத்தில் கையுறை இல்லாமல் தள்ள முடியாது.

ஊரே கையுறையால்தான் வாழ்ந்தது. ஆண்கள் தோலைப் பதப்படுத்தினார்கள், பெண்கள் தைத்தார்கள், கர்னல் எலிஃபலெட் வான் நெஸ் விற்றார். ஆட்டுக்குட்டித் தோல் மிருதுவாக வேண்டுமென்றால் முட்டையின் மஞ்சள் கருவை ஊற்றிப் பிசைய வேண்டும். எனவே மஞ்சள் கரு தோலுக்குப் போயிற்று; வெள்ளைக் கரு தொழிலாளியின் தட்டுக்கு வந்தது. ‘சத்தெல்லாம் வெள்ளையில்தான்’ என்று கர்னல் ஆராய்ந்து அறிவித்திருந்தார். அவர் போருக்குப் போன கர்னல் அல்லர். போருக்குக் கையுறை அனுப்பிய கர்னல்.

ஊர் பேஸ்பால் சங்கத்துக்கும் அவரே தலைவர். கையுறை மாட்டிக்கொண்டு பந்து பிடிப்பவன் ஆண்பிள்ளை அல்லன், அவனுக்குச் சங்கத்தில் இடமும் இல்லை என்று 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அன்று கடுங்குளிர். உறுப்பினர்கள் கையுறையைக் கழற்றாமலே கையைத் தூக்கினார்கள்.

இந்த ஆண்மையின் மொத்தச் சுமையும் மாலக்கி டூலன் கையில் வந்து விழுந்தது. மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி, கல்லைப் போலப் பறந்து வரும் பந்தை வெறுங்கையால் பிடிப்பது அவன் உத்தியோகம். ஆறு பருவம் பிடித்ததில் அவன் விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. அவனிடம் வழி கேட்ட நான்கு பேர் நான்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். நேராக மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: வலக்கை ஆள்காட்டி விரல்.

அதன் மீது ஹனோரா டியர்னிக்கு ஒரு கண் இருந்தது. அவள் கர்னலின் ஆலையில் மூன்றாம் மாடித் தையல்காரி, மாலக்கிக்கு நிச்சயிக்கப்பட்டவள்.

“எங்கப்பா கை தோல் அறுக்கிற மெஷின்ல போச்சு. சாகற வரைக்கும் நான்தான் ஊட்டுனேன். இன்னொரு ஆம்பளைக்கு ஊட்ட எனக்குத் தெம்பில்ல. அந்த ஒத்த விரலும் ஒடிஞ்சா, நீ யாரோ நான் யாரோ.”

“ஆட்டத்தை விட்டுட்டா சோத்துக்கு என்ன பண்றது, ஹனோரா?”

“விடச் சொன்னேனா? பந்தைப் பிடி. விரலையும் பத்திரமா பிடிச்சுக்க.”

“ரெண்டையும் ஒரே கையிலயா?”

“கையக் காட்டு. அளவெடுக்கணும்.”

அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த வலக்கை உறை, மாலக்கியின் சிவந்த தோல் நிறத்திலேயே இருந்தது. தேயிலைச் சாயத்தால் அவன் புறங்கையின் பழுப்புப் புள்ளிகளைக்கூட ஒவ்வொன்றாக வைத்திருந்தாள். நகம்கூட வரைந்திருந்தாள். ஒன்றில் கொஞ்சம் அழுக்கும் உண்டு.

“இடக்கைக்கு?” என்றான் மாலக்கி.

“அது கெட்டது கெட்டாச்சு. விடு.”

ராக்டன் ஊர்ச் சங்கத்தோடு நடந்த ஆட்டத்தில்தான் அந்த வரலாற்றுச் சாதனை நிகழ்ந்தது. பந்து கீழே விழுவது அந்தக் காலத்தில் மழை விழுவதைப் போல. யாரும் வெட்கப்பட மாட்டார்கள். அன்றோ மாலக்கி ஒரு பந்தைக்கூட விடவில்லை. கிட்ஸ்பரி ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது. ராக்டனின் கடைசி ஆட்டக்காரன் மூன்றாம் முறையும் மட்டையைக் காற்றில் வீசினான். பின்னால் நிற்பவன் அந்தப் பந்தைப் பிடித்தால்தான் அவன் ஆட்டமிழப்பான். மாலக்கி பிடித்தான். ஊர் தொப்பிகளை ஆகாயத்துக்கு அனுப்பியது.

ராக்டன் தலைவன் பாஸ்கம் குரோ மட்டும் தொப்பியைத் தொடவில்லை.

“நடுவர் ஐயா! வெறுங்கையில பந்து விழுந்தா பளார்னு கேக்கும். இவன் கையில மெத்தையில பூனை குதிச்ச மாதிரி கேக்குது. உறை போட்டிருக்கான்!”

மாலக்கி வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். உறை வெளிப்பட்டால் வேலை போகும். கழற்றி ஆடினால் ஹனோரா போவாள்.

நடுவர் ஊர்ப் பல் மருத்துவர். பட்டுத் தொப்பியும் குடையுமாய், ஆட்டத்துக்குத் தொந்தரவில்லாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாம் பார்க்காததைப் பார்வையாளர்களிடம் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அன்றைய வழக்கம். அவர் எழுந்து தொப்பியைத் தூக்கினார்.

“கனவான்களே! டூலன் கையில உறை இருந்ததா? பார்த்தவங்க சொல்லலாம்.”

நூறு கஜ தூரத்தில் போகும் கையுறையைப் பார்த்து, தைத்தவள் பெயரைச் சொல்லக்கூடிய ஊர் அது. ஊர் முழுவதும் மேகங்களைப் பார்த்தது.

“கையுறையா? அப்படின்னா என்னங்க?” என்று கேட்டார் முப்பது வருஷமாகக் கையுறை வெட்டுகிறவர்.

குரோவுக்குக் கோபம் தலைக்கேறியது. மாலக்கியின் கையைப் பற்றித் தூக்கி, புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்தான். அது இரண்டு அங்குலம் வந்தது.

“இதோ! மட்டமான செம்மறித் தோலு! எங்க ஊர்ல இதுல செருப்புக்கு வார்கூட வைக்க மாட்டான்!”

தலைவர் இருக்கையிலிருந்து கர்னலின் உறுமல் கேட்டது.

“செம்மறியா? எதைடா செம்மறிங்கற? பால்குடி மறக்காத வெள்ளாட்டுக் குட்டி அது! முட்டை முட்டையா மஞ்சக் கரு குடிச்ச தோலு! அந்தத் தையலைப் பாருடா குருடா! என் மூணாம் மாடியைத் தவிர இந்தத் தையல் லோகத்துல எங்கடா இருக்கு?”

ஊர் மேகங்களை விட்டுவிட்டுக் கர்னலைப் பார்த்தது. அவர் வாய் திறந்தபடியே நின்றது.

“சாட்சிக்கு நன்றி, கர்னல்” என்று நடுவர் தொப்பியைத் தாழ்த்தினார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி, கையுறை கூடாது என்று அதில் எங்கும் இல்லாததால் வெற்றி கிட்ஸ்பரிக்கே என்றார்.

ஆனால் ஆண்மையைக் காப்பது நடுவரின் பொறுப்பல்லவே? செயற்குழு புல்தரையிலேயே அவசரமாகக் கூடி, மாலக்கியைச் சங்கத்திலிருந்தும், ஹனோராவை ஆலையிலிருந்தும் நீக்கியது.

“ஐயா, ஒரு பந்துகூட விழலையே!” என்றான் மாலக்கி.

“அதுதான்டா அவமானம்! நாலஞ்சு விழுந்திருந்தா மன்னிச்சிருப்போம்” என்றார் கர்னல்.

அப்போது குரோ கர்னலின் சட்டையைப் பின்னாலிருந்து சுரண்டினான்.

“கர்னல்... அந்த மாதிரி உறை எங்க ஆட்டக்காரங்க ஒம்பது பேருக்கும் கிடைக்குமா?”

கர்னல் வாயை மூடினார். பிறகு மெல்லச் சிரித்தார்.

அடுத்த வசந்தத்தில் ‘வான் நெஸ் வீரக் கையுறை’ கடைக்கு வந்தது. கையுறை இல்லாமல் பந்து பிடிப்பவன் ஆண்பிள்ளை அல்லன் என்று செயற்குழு தீர்மானத்தைத் திருத்தியது. இதுவும் ஏகமனதாகத்தான்.

மாலக்கி கல்யாணத்தில் மோதிரத்தைக் கீழே போடாமல் ஹனோராவுக்கு மாட்டினான். கர்னலும் கருணையுள்ளவர், இருவரையும் மறுபடி சேர்த்துக்கொண்டார். ஹனோரா பழைய மூன்றாம் மாடியில் வீரக் கையுறை தைத்தாள். மாலக்கிக்குக் கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் நாற்காலி. இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி உட்கார்ந்திருப்பது வேலை. தலைக்குமேல் பலகை: ‘வீரக் கையுறை அணியாதவன் கதி.’

வாடிக்கையாளர்கள் மனம் உருகி, “ஐயோ பாவம், இதெல்லாம் யாருப்பா பண்ணினது?” என்று கேட்பார்கள்.

மாலக்கி வலக்கையை மெதுவாகத் தூக்குவான். மற்ற விரல்கள் வழக்கம்போல ஆளுக்கொரு ஊரைக் காட்டும். ஹனோரா காப்பாற்றிக் கொடுத்த அந்த ஒற்றை விரல் மட்டும், எதிர்ச்சுவரில் சிரிக்கும் கர்னலின் படத்தை நேராகக் காட்டும்.